கார்ல சொட்டை விழுந்துடுச்சா? உடனே பெயின்ட் அடிக்காதீங்க... தகட்டை மட்டும் நிமிர்த்தும் ‘பி.டி.ஆர்’ எப்படி வேலை செய்கிறது?

கோவையில் கார் வைத்திருப்பவரிடம் “வண்டியில ஒரு சொட்டைகூட இல்லீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துவிடுவார். ஒப்பணக்கார வீதி நெரிசலில் உரசிப்போன பைக்கின் ஹேண்டில்பார், கல்யாண மண்டப பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்காரர் படாரென்று திறந்த கதவு, தெருவில் பசங்க அடித்த கிரிக்கெட் பந்து, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்தடியில் நிறுத்தியபோது விழுந்த மட்டை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கண்ணாடி உடையவில்லை, வண்டி ஓடுகிறது, பெயின்ட்கூட போகவில்லை. ஆனால், கதவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பள்ளம். வெயிலில் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படும்.

பட்டறைக்கு எடுத்துப்போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “தட்டி, பட்டி வெச்சு, ஃபுல் பேனலும் அடிச்சுடலாங்க. புதுசு மாதிரி ஆயிடும்.”

உண்மையில் அது புதுசு மாதிரி ஆகிவிடுமா? பெயின்ட் உடையாத ஒரு சின்னச் சொட்டைக்காகக் கதவு முழுவதையும் சுரண்டி, மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமா? தேவையில்லை என்கிறது ‘பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்’ என்ற முறை. தொழிலில் சுருக்கமாக ‘பி.டி.ஆர்’. (அரசியல் செய்தி படிப்பவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வரலாம். இது வேற!) அது எப்படி நடக்கிறது, எந்தச் சொட்டைக்குச் சரிப்படும், எதற்குச் சரிப்படாது, இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வழக்கமான டிங்கரிங்கில் என்ன நடக்கிறது?

முதலில், சொட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள பெயின்ட் சுரண்டி எடுக்கப்படும். பள்ளத்தை வெளியே இழுக்க, சில இடங்களில் தகட்டில் சிறு ஆணி போன்ற பின்களை வெல்டிங் வைத்து இழுப்பார்கள். ஓரளவுக்குச் சமமானதும் மீதிப் பள்ளத்தை பட்டி வைத்து நிரப்புவார்கள். பட்டி காய்ந்ததும் எமரி ஷீட் போட்டுத் தேய்த்து மட்டம் பார்ப்பார்கள். அதன்மேல் பிரைமர், பிறகு கலர், கடைசியாக கிளியர் கோட்.

சொட்டை நாணயம் அளவுதான். ஆனால், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்பதால் கதவு முழுவதும் அடிக்க வேண்டியிருக்கும். மெட்டாலிக், பேர்ல் போன்ற நிறங்களில் சிக்கல் இன்னும் அதிகம். பெயின்ட்டில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் எந்த வாக்கில் படிகின்றன என்பதைப் பொறுத்து, அதே கலர் கோடு போட்டுக் கலக்கினாலும் வெயிலில் நிறம் மாறித் தெரியலாம். அதை மறைக்க, பக்கத்துக் கதவிலும் ஃபெண்டரிலும் கொஞ்சம் பெயின்ட்டைக் கலந்துவிடுவார்கள். ஒரு நாணயம் அளவு சொட்டை, கடைசியில் இரண்டு மூன்று பேனல் வேலையாகிவிடுவது இப்படித்தான்.

இது ஏமாற்று வேலை அல்ல. பெயின்ட் உடைந்த, தகடு கிழிந்த சேதத்துக்கு இதுதான் சரியான வழி. பெயின்ட் உடையாத சொட்டைக்கும் இதையே செய்வதுதான் பிரச்னை.

கம்பெனி பெயின்ட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

தொழிற்சாலையில் காருக்கு அடிக்கும் பெயின்ட்டும் பட்டறையில் அடிக்கும் பெயின்ட்டும் ஒன்றல்ல.

தொழிற்சாலையில் கதவு, பானெட் எல்லாம் பொருத்தப்பட்ட வெற்று பாடியை அப்படியே ஒரு பெரிய தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். அந்தத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சப்படும். மின்சாரத்தின் இழுப்பால், துரு பிடிக்காமல் காக்கும் முதல் பூச்சு தகட்டின் வெளிப்புறத்தில் மட்டுமல்ல, கதவின் உட்புறம், மூலை முடுக்கு என எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகவைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், கலர், கிளியர் கோட். கிளியர் கோட்டையும் சுமார் 140 டிகிரி சூட்டில் உலர்த்துகிறார்கள்.

இத்தனை அடுக்கும் சேர்ந்து மொத்தத் தடிமன் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான கார்களில் 80 முதல் 150 மைக்ரான். அதாவது, ஏறக்குறைய ஓர் ஏ4 தாளின் தடிமன்!

பட்டறையில் இதே சூட்டைக் கொடுக்க முடியாது. முழுதாக அசெம்பிள் ஆன காரை 140 டிகிரியில் வைத்தால் பிளாஸ்டிக், ரப்பர், ஒயர் எல்லாம் போச்சு. எனவே ஹார்டனர் கலந்த பெயின்ட்டை அடித்து, நல்ல பெயின்ட் பூத் இருந்தால் சுமார் 60 டிகிரியில் உலர்த்துவார்கள். பூத் இல்லாத இடத்தில் காற்றிலேயே காய வேண்டும். நல்ல கைக்காரர் அடித்தால் இதுவும் பல வருஷம் தாங்கும். ஆனால், தொட்டியில் முக்கி எடுத்த அந்த முதல் பூச்சை ஒருமுறை சுரண்டிவிட்டால், அதே தரத்தில் திரும்ப வைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

பி.டி.ஆர் என்பது என்ன?

சுரண்டாமல், பட்டி வைக்காமல், பெயின்ட் அடிக்காமல், தகட்டை மட்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் பி.டி.ஆர்.

‘ஈயம் பூசறது... பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கறது...’ என்று தெருவில் குரல் கொடுத்துப் போனவர்களைப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குடத்தில் விழுந்த ஒடுக்கை உள்ளே கம்பியோ கட்டையோ கொடுத்து, வெளியே லேசாகத் தட்டி எடுத்துவிடுவார்கள். யோசனை அதேதான். ஒரே வித்தியாசம், குடத்தில் தட்டிய தடம் தெரிந்தால் பரவாயில்லை, காரில் தெரியக் கூடாது. மேலே இருக்கும் தாள் தடிமன் பெயின்ட்டும் விரிசல் விடக் கூடாது.

கார் தொழிற்சாலைகளில் இந்தத் தேவை இயல்பாகவே உண்டு. பெயின்ட் முடிந்த காரில் அசெம்பிளி லைனில் ஒரு சின்ன இடி பட்டால், அதற்காக மறுபடி பெயின்ட் பிரிவுக்கு அனுப்புவது பெரிய செலவு. அந்த இடத்திலேயே தகட்டை நிமிர்த்தத் தெரிந்த ஆள் இருந்தால் வேலை முடிந்தது.

வெளிநாடுகளில் இந்தத் தொழிலுக்குப் பெரிய சந்தையை உருவாக்கியது ஆலங்கட்டி மழை. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டி மழையில் சுமார் 2 லட்சம் கார்கள் சேதமடைந்தன. அமெரிக்காவின் டென்வரில் 2017 மே 8 அன்று பெய்த ஆலங்கட்டி மழையால் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டியது. இப்படி ஒரு மழையில் ஒரே காரில் நூற்றுக்கணக்கான சொட்டைகள் விழும். ஆனால், பெயின்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு காரையும் முழுசாகச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதைவிட, தகட்டை மட்டும் நிமிர்த்துவது செலவும் நேரமும் மிச்சம். அமெரிக்காவில் ஆலங்கட்டி மழை பெய்யும் ஊர்களாகப் பார்த்துப் பயணம் செய்தே பிழைக்கும் பி.டி.ஆர் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

நம்ம பக்கம் ஆலங்கட்டி மழை கோடையில் எப்போதாவதுதான். இங்கே வேலை வருவது பார்க்கிங்கிலிருந்து.

தகடு எப்படித் திரும்பி வருகிறது?

காரின் வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ஏதாவது மோதும்போது பள்ளம் முழுவதும் ஒரே மாதிரி வளைந்துவிடுவதில்லை. மோதிய நடுப்புள்ளியும் பள்ளத்தைச் சுற்றி மேடாக எழும்பும் விளிம்பும்தான் நிரந்தரமாக வளைகின்றன. இடையில் இருக்கும் தகடு, வாய்ப்புக் கிடைத்தால் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பூட்டி வைத்திருப்பது அந்த விளிம்பு மேடு. மேட்டை மெல்லத் தட்டி இறக்கி, பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஏற்றினால் பூட்டு திறக்கிறது, தகடு நிமிர்கிறது.

சொல்ல ஈஸி. செய்வது அப்படியல்ல. வேலை மூன்று விஷயங்களில் நிற்கிறது.

ஒன்று, வெளிச்சம். வேலை செய்பவர் சொட்டையை நேராகப் பார்ப்பதில்லை. கோடு கோடாக ஒளிரும் எல்.இ.டி விளக்கைப் பேனல் அருகே வைத்து, பெயின்ட்டில் விழும் அதன் பிம்பத்தைப் பார்க்கிறார். தகடு சரியாக இருந்தால் கோடுகள் நேராக ஓடும். பள்ளம் இருந்தால் கோடுகள் உள்ளே சுழிக்கும். மேடு இருந்தால் வேறு மாதிரி விலகும். கம்பியின் நுனி உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அந்தக் கோட்டில் வரும் சிறு அசைவை வைத்தே கண்டுபிடிக்கிறார்.

இரண்டு, கம்பி. கதவு என்றால், கண்ணாடியை இறக்கி, அது கீறாமல் இருக்க ஒரு தடுப்பை வைத்து, இடைவெளி வழியாக நீளமான எஃகுக் கம்பியை உள்ளே விடுவார். பானெட், டிக்கி என்றால் உள்ளே இருக்கும் துளைகள் வழியாக. கூரை என்றால் உள்பக்கத் துணி லைனிங்கை இறக்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் வண்டியில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். கம்பியை நெம்புகோல் மாதிரி பயன்படுத்தி, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன அழுத்தமாகக் கொடுத்துக்கொண்டே வருவார். ஒரே அழுத்தில் தள்ளினால் உள்ளே போன பள்ளம் வெளியே கொப்புளமாக வரும். ஒரு சொட்டைக்குப் பத்து இருபது அழுத்தம் அல்ல, நூற்றுக்கணக்கில் தேவைப்படலாம்.

மூன்று, பசை. பின்பக்கமாகக் கம்பி போகாத இடங்கள் உண்டு. அங்கே சூடான பசையை வைத்து ஒரு பிளாஸ்டிக் பொத்தானைச் சொட்டையின் மேல் ஒட்டுவார்கள். பசை இறுகியதும் அதற்கென இருக்கும் கருவியால் வெளியே இழுப்பார்கள். இழுத்ததும் பொத்தான் கழன்றுவரும். மிச்சமிருக்கும் பசையை ஆல்கஹால் தெளித்து, பெயின்ட்டுக்குச் சேதம் இல்லாமல் எடுத்துவிடலாம். இழுத்ததில் எழும்பிய மேட்டை நுனி மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியும் சின்னச் சுத்தியலும் கொண்டு தட்டி இறக்குவார்கள்.

குளிரில் பெயின்ட் விறைப்பாக இருக்கும். சீக்கிரம் விரிசல் விடும். எனவே மார்கழிக் காலையிலோ ஊட்டி, வால்பாறை மாதிரி குளிர் ஊரிலோ வேலை செய்தால், முதலில் அந்த இடத்தை ஹீட் கன் கொண்டு மிதமாகச் சூடாக்கிக்கொள்வார்கள்.

எந்தச் சொட்டைக்குச் சரிப்படும்?

சொட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று இருக்கின்றன.

*பெயின்ட் உடைந்திருக்கிறதா?* நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரிசல், உரிதல், தகடு தெரியும் கீறல் இருந்தால் பி.டி.ஆர் மட்டும் போதாது. தகட்டை நிமிர்த்தினாலும் பெயின்ட் வேலை தேவை.

*பள்ளம் வட்டமா, கூர்மையா?* பந்து பட்டது போல அகலமாக, ஆழம் குறைவாக இருந்தால் உள்ளங்கை அளவு சொட்டைகூட வந்துவிடும். கூர்மையான முனை குத்தியது, கத்தி மடிப்பு போலக் கோடு விழுந்தது என்றால் தகடு இழுபட்டு நீண்டிருக்கும். நீண்ட தகட்டைச் சுருக்குவது கஷ்டம். அதை அரைகுறையாக நிமிர்த்தினால், விரலால் அழுத்தும்போது எண்ணெய் டின் மூடி மாதிரி ‘டப் டப்’ என்று உள்ளே போய் வெளியே வரும்.

*எந்த இடம்?* கதவின் நடுப்பகுதி, பானெட், ஃபெண்டர் ஆகியவை வசதியான இடங்கள். கதவின் ஓரம், தகடு மடித்துப் பொருத்தப்பட்ட விளிம்பு, உள்ளே இரட்டைத் தகடு இருக்கும் பகுதி, ஸ்டைலுக்காக விடப்பட்டிருக்கும் கூர்மையான கோட்டின் மேலேயே விழுந்த சொட்டை ஆகியவை சிரமம்.

இன்னும் இரண்டு விஷயம். சில சொகுசு கார்களில் பானெட் அலுமினியமாக இருக்கும். அது எஃகு மாதிரி எளிதில் திரும்பாது, விரிசல் விடும் அபாயமும் அதிகம். காந்தம் ஒட்டாவிட்டால் எஃகு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதற்கு வேறு வைத்தியம்.

ஏற்கெனவே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த பேனலாக இருந்தால், வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகடு அசைந்தால் பட்டி வெடிக்கும். பசை வைத்து இழுத்தால் பெயின்ட் ஏடு ஏடாக உரிந்து வரும்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா?

“இன்சூரன்ஸ்தான் இருக்குதே, கிளெய்ம் போட்டு ஃபுல்லா பெயின்ட் அடிச்சுக்கலாம்” என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கிளெய்ம் இல்லாமல் ஒவ்வொரு வருஷம் போகும்போதும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற தள்ளுபடி ஏறும். முதல் வருஷத்துக்கு 20%, பிறகு 25%, 35%, 45%, ஐந்து வருஷம் ஆனால் 50%. இந்தத் தள்ளுபடி பாலிசியின் மொத்தத் தொகைக்கு அல்ல, சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், பொதுவாக அடுத்த வருஷம் தள்ளுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும்.

உதாரணத்துக்கு, ஒருவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 50% தள்ளுபடி இருப்பதால் 5,000 கட்டுகிறார். ஒரு சொட்டைக்காகக் கிளெய்ம் போடுகிறார். அடுத்த வருஷம் 10,000 கட்ட வேண்டும். அதன்பிறகு கிளெய்ம் இல்லாமல் போனால் 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி, ஆறாவது வருஷம்தான் பழைய 5,000-க்கு வருவார். கூடுதலாகக் கட்டியது: 5,000 + 3,000 + 2,500 + 1,500 + 500 = 12,500 ரூபாய்.

வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதால் நிஜத்தில் இந்தத் தொகை கொஞ்சம் குறையும். ஆனால், கணக்கின் போக்கு இதுதான். இதோடு ஒவ்வொரு கிளெய்மிலும் கையிலிருந்து கட்டாயம் கட்ட வேண்டிய தொகை தனி. 1,500 சிசி வரையிலான கார்களுக்கு அது 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ‘ஜீரோ டெப்’ எடுக்காதவர்களுக்குப் பெயின்ட் பொருள்களின் விலையில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும்.

ஆக, ஒரு சின்னச் சொட்டைக்குக் கிளெய்ம் போடும் முன், பி.டி.ஆர் கட்டணத்தையும் இழக்கப்போகும் தள்ளுபடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ‘என்.சி.பி புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர்கள் அதன் விதிகளைப் பார்த்து முடிவெடுக்கலாம். பெரிய சேதம் என்றால் கிளெய்ம்தான் சரி. அப்போதும் வேலையைத் தொடங்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

விற்கும்போது என்ன ஆகும்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய கார் என்றாலே ‘கன்சல்டிங்’தான். அங்கே வண்டி பார்க்க வருபவர்கள் கையில் இப்போது ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பெயின்ட்டின் தடிமனை மைக்ரானில் காட்டும் கருவி. ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் 100, 110 என்று காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 250, 300 என்று காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு. ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் வண்டிக்காரருக்குச் சங்கடம். அந்தக் கருவி தடிமனைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பார்க்கிங்கில் விழுந்த நாணயம் அளவு சொட்டைக்காக அடித்த பெயின்ட்டும், பெரிய விபத்தில் நசுங்கிய கதவுக்கு அடித்த பெயின்ட்டும் அதற்கு ஒன்றுதான். “சின்ன டென்ட்தானுங்க, வேற ஒண்ணுமில்ல” என்று எவ்வளவு சொன்னாலும் வாங்குபவர் மனதில் ‘ஆக்சிடென்ட் வண்டியோ’ என்ற சந்தேகம் விழுந்துவிடும். விலையும் அதற்கேற்ப இறங்கும். நன்றாகச் செய்த பி.டி.ஆர் அந்தக் கருவியில் எந்த வித்தியாசத்தையும் காட்டாது. காரணம் எளிது, பெயின்ட்டில் யாரும் கை வைக்கவில்லை.

வெந்நீர், ஹேர் டிரையர், பிளன்ஜர்... வேலைக்கு ஆகுமா?

சமூக வலைதள வீடியோக்களில் வரும் வைத்தியங்களில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு.

வெந்நீர் ஊற்றுவது பிளாஸ்டிக் பம்பருக்குப் பலிக்கும். சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது உள்ளிருந்து தள்ளினால் பழைய வடிவத்துக்கு வரும். ஆனால், மடிந்த இடத்தில் பெயின்ட் வெடித்திருந்தால் அது அப்படியேதான் இருக்கும். பம்பருக்குள் சென்சார் இருக்கும் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம். எஃகுக் கதவில் வெந்நீர் ஊற்றினால் கதவு சுத்தமாகும், அவ்வளவுதான்.

ஹேர் டிரையரில் சூடாக்கி உடனே ஐஸோ ஸ்பிரேயோ அடிப்பது தகட்டைக் கொஞ்சம் அசைக்கலாம். ஆனால், நிரந்தரமாக வளைந்த விளிம்பை அது நிமிர்த்தாது. பெயின்ட்டுக்கு அதிர்ச்சி கொடுத்ததுதான் மிச்சம்.

பிளன்ஜர், உறிஞ்சு கப் வகைகள் அகலமான, ஆழமில்லாத பள்ளத்தை ‘டபக்’ என்று வெளியே கொண்டுவரலாம். ஆனால், சுற்றிலும் ஒரு வளையம் மேடாக நின்றுவிடும். ஆன்லைனில் விற்கும் மலிவான பசை கிட்களை வாங்கி வீட்டில் இழுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அளவுக்கு மீறி இழுப்பது. பள்ளம் போய் கூம்பு வந்த பிறகு எடுத்துச்சென்றால் பி.டி.ஆர் கலைஞருக்கும் வேலை இரட்டிப்பு.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

பெயின்ட் வேலைக்குப் பேனல் கணக்கில் காசு. பி.டி.ஆருக்குச் சொட்டையின் அளவு, ஆழம், இடம், பின்பக்கம் கை போகுமா என்பதை வைத்து காசு. எனவே போனில் சொல்லும் விலையை நம்பாமல் வண்டியைக் காட்டிக் கேளுங்கள். கூடவே இவற்றையும்:

● “முழுசா போயிடுமா, இல்ல எத்தனை சதவீதம் வரும்?” நேர்மையான ஆள் சில சொட்டைகளுக்கு ‘80 சதவீதம்தான் வரும்’ என்று முன்பே சொல்லிவிடுவார். எல்லாச் சொட்டைக்கும் ‘நூறு சதவீதம்’ என்று சொல்பவரிடம் உஷாராக இருங்கள்.

● “உள்ளே துளை போடுவீங்களா?” கம்பி விடுவதற்காகக் கதவின் உள்சட்டத்தில் துளை போடுபவர்கள் உண்டு. அந்த இடத்தில் துரு தடுக்கும் பூச்சு போய்விடும். துளை இல்லாமல் முடியுமா என்று கேளுங்கள்.

● “பெயின்ட் விரிசல் விட்டா யார் பொறுப்பு?” வேலைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

● வேலை நடக்கும்போது கோடு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கே இல்லாமல் ‘பெயின்ட்லெஸ்’ என்று போர்டு மட்டும் இருந்தால் யோசிக்கவும்.

● வேலை முடிந்ததும் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு கைக்குத் தப்பாது. முடிந்தால் பெயின்ட் தடிமனை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண் மாறியிருக்கக் கூடாது.

டிங்கர்களின் வேலை என்ன ஆகும்?

தகடு தட்டுவது கொங்கு மண்டலத்துக்குப் புதிதல்ல. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் என உலோகத்தைக் கையால் வடிவமைத்துப் பிழைக்கும் ஊர்கள் இவை. தகடு எங்கே இழுபட்டிருக்கிறது, எங்கே தட்டினால் எங்கே எழும்பும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள் டிங்கர்கள். பி.டி.ஆருக்குத் தேவையான அறிவில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதி, பட்டி என்ற பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்யும் பொறுமை. வழக்கமான வேலையில் தகடு கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் பட்டி மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. அதனால்தான் பழைய பானெட்டுகளில் மாதக்கணக்கில் பழகிய பிறகே வாடிக்கையாளர் வண்டியில் கை வைக்க வேண்டும் என்கிறது இந்தத் தொழில்.

அவர்களின் உடம்புக்கும் இதில் ஒரு நன்மை இருக்கிறது. பட்டறைப் பெயின்ட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. சரியான மாஸ்க் இல்லாமல் அதைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த உண்மை. முகத்தில் ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு பெயின்ட் அடிப்பவருக்கு அந்தத் துணி எந்தப் பாதுகாப்பும் தராது. பட்டியைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி, தின்னர் வாசனை என்று மற்றவை தனி. தகட்டை மட்டும் நிமிர்த்தும் வேலையில் இவை இல்லை. பெரிய பூத்தும் தேவையில்லை. கம்பிகள், விளக்கு, பசை, பழகிய கை இருந்தால் வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே வேலையை முடிக்கலாம்.

கடைசியாக ஒன்று

எல்லாச் சொட்டைக்கும் பி.டி.ஆர் தீர்வல்ல. ஆனால், எதை முதலில் முயற்சி செய்வது என்பதில் குழப்பமே தேவையில்லை. பி.டி.ஆர் செய்து பார்த்துத் திருப்தி இல்லையென்றால், அதன்பிறகும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். தகடு ஏற்கெனவே பெருமளவு நிமிர்ந்திருப்பதால் பட்டியும் குறைவாகவே தேவைப்படும். ஆனால், முதலில் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் கம்பெனி பெயின்ட்டைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

எனவே, அடுத்த முறை “ஃபுல் பேனலும் அடிச்சுடலாங்க” என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பெயின்ட் எங்கயாவது உடைஞ்சிருக்குதுங்களா, அண்ணா?” இல்லை என்று பதில் வந்தால், எமரி ஷீட்டைக் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.